பார்த்ததையே பார்ப்பது

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஈஸி சேரில் சாய்ந்து ரிமோட்டை அழுத்தினால் என்ன வருகிறது? ஒரு சேனலில் வடிவேலு அடி வாங்கிக்கொண்டிருக்கிறார். அடுத்ததில் கவுண்டமணி செந்திலை அடித்துக்கொண்டிருக்கிறார். மூன்றாவதில் நேற்று ராத்திரி பார்த்த சீரியல். நான்காவதில் இருபது வருஷத்துக்கு முன்னால் பார்த்த சீரியல். "ஏங்க, இதைத்தான் நூறு தடவை பார்த்தாச்சே" என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஆனால் சேனலை மாற்றச் சொல்லாது. மாற்றினால்தான் கோபம் வரும்.

பார்த்ததையே மறுபடி காட்டலாம், ஜனங்கள் அதையும் உட்கார்ந்து பார்ப்பார்கள், அதில் பணமும் பண்ணலாம் என்று முதன்முதலில் யாருக்குத் தோன்றியது? ரிட்டயர் ஆன பிறகு இந்த மாதிரிக் கேள்விகளுக்கு நேரம் கிடைக்கிறது. கொஞ்சம் படித்தேன், கொஞ்சம் எனக்கே ஞாபகம் இருந்தது. இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. அது எங்கள் தெருக்காரர் ஒருவரைப் பற்றியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். டிவி வியாபாரமாக ஆனது அங்கேதான்.

1940களின் கடைசியில் அங்கே டிவி என்றால் பெரும்பாலும் நேரடி ஒளிபரப்பு. நாடக மேடை மாதிரி நியூயார்க் ஸ்டுடியோவில் நடிப்பார்கள்; அது அப்படியே காற்றில் போகும். முடிந்ததும் முடிந்ததுதான். அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணி நேர வித்தியாசம். நியூயார்க்கில் ராத்திரி எட்டு மணி என்றால் லாஸ் ஏஞ்சல்ஸில் சாயங்காலம் ஐந்து. அதனால் ஒரு வேலை செய்தார்கள். டிவி திரைக்கு முன்னால் ஒரு சினிமா கேமராவை வைத்து, திரையில் ஓடுவதை அப்படியே படம் பிடித்தார்கள். கினஸ்கோப் என்று பேர். கல்யாண வீட்டில் டிவியில் ஓடுகிற கேசட்டை செல்போனில் எடுத்து அனுப்புகிறார்களே, அந்தத் தரம்தான். மங்கலாக, கோடு கோடாக இருக்கும். ஏதோ ஒரு ஊரில் ஒரு தடவை காட்டத்தான் அது ஆகும். பத்திரப்படுத்த வேண்டும் என்று நிறையப் பேருக்குத் தோன்றவில்லை.

இந்த இடத்தில் இரண்டு பேர் வருகிறார்கள். புருஷன் பெண்டாட்டி. லூசில் பால், டெசி ஆர்னஸ். 'ஐ லவ் லூசி' என்ற நகைச்சுவைத் தொடர், 1951 அக்டோபர் 15-ஆம் தேதி சி.பி.எஸ். நெட்வொர்க்கில் ஆரம்பமானது. நியூயார்க்குக்கு வந்து நேரடியாக நடியுங்கள் என்றார்கள். இவர்களோ, வீடு வாசல் எல்லாம் ஹாலிவுட்டில் இருக்கிறது, இங்கிருந்தே செய்கிறோம் என்றார்கள். அப்படியானால் கிழக்குக் கரை ஜனங்கள் அந்த மங்கல் கினஸ்கோப்பையா பார்ப்பது? விளம்பரதாரரான சிகரெட் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. சரி, சினிமா மாதிரியே 35 எம்.எம். ஃபிலிமில் எடுத்துக் கொடுக்கிறோம் என்றார் டெசி. செலவு கூடுமே? எங்கள் சம்பளத்தில் வாரத்துக்கு 1,000 டாலர் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எடுத்த ஃபிலிம் எங்களுக்குச் சொந்தம் என்றார். நெட்வொர்க் சரி என்றது. ஒரு தடவை காட்டி முடித்த ஃபிலிமை வைத்துக்கொண்டு யார் என்ன செய்யப்போகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

டெசிலு என்ற அவர்களுடைய கம்பெனி மூன்று கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, எதிரில் நிஜமான ஜனங்களை உட்காரவைத்துப் படம் பிடித்தது. ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட், ஜெர்மனியில் மௌனப்பட காலத்திலேயே பேர் வாங்கியவர். இரண்டாவது வருஷம் லூசில் கர்ப்பம். குழந்தை பிறக்கிற எபிசோட் 1953 ஜனவரி 19 அன்று வந்தது. அவர் ஓய்வில் இருந்த வாரங்களில் இடத்தை நிரப்பப் பழைய எபிசோட்களை எடுத்துப் போட்டார்கள். ஜனங்கள் சலித்துக்கொள்ளாமல் பார்த்தார்கள். பிரசவ விடுப்பில் பிறந்தது மறு ஒளிபரப்பு என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். அதற்கு முன்பும் சில கௌபாய் படங்கள் திரும்பத் திரும்ப ஓடியிருக்கின்றன. ஆனால் பழைய எபிசோட் என்பது பழைய பேப்பர் இல்லை, ஃபிக்ஸட் டெபாசிட் என்று நெட்வொர்க்காரர்களுக்கு உறைத்தது அப்போதுதான். 1950களின் கடைசியில், அந்த ஃபிலிம்களின் உரிமையைத் திரும்ப வாங்க சி.பி.எஸ். நாற்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. தம்பதிகள் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவையே விலைக்கு வாங்கினார்கள். ஒரு காலத்தில் லூசில் அதே ஸ்டுடியோவில் மாதச் சம்பளத்துக்கு நடித்தவர்!

கௌபாய் என்றேனே, அவரையும் சொல்லிவிடுகிறேன். வில்லியம் பாய்ட் என்று ஒரு நடிகர். 'ஹாப்பலாங் காசிடி' என்ற வேஷத்தில் பல வருஷம் சின்னச் சின்னப் படங்களில் நடித்தவர். மார்க்கெட் போன பிறகு, இருந்த பண்ணையை விற்று, தன் படங்களின் உரிமையைத் தானே வாங்கினார். பைத்தியக்காரத்தனம் என்றார்கள். 1949-இல் அவை டிவியில் வந்தன. பிள்ளைகளுக்குப் பித்துப் பிடித்தது. டிபன் பாக்ஸிலிருந்து சைக்கிள் வரை அவர் படம். கிழவர் கோடீஸ்வரர் ஆனார்.

இன்னொருவர் ஃபிரெடெரிக் ஸிவ். சின்சினாட்டி ஊர்க்காரர். இவர் நெட்வொர்க்கையே நாடவில்லை. நிகழ்ச்சியைத் தயாரித்து ஊர் ஊராக, ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தனித்தனியாக விற்றார். இதற்குத்தான் சிண்டிகேஷன் என்று பேர். வார்த்தையைக் கேட்டால் ஏதோ கடத்தல் கும்பல் மாதிரி இருக்கிறது. விஷயம் நமக்கு ரொம்பப் பழக்கமானது. தமிழ் சினிமாவை எப்படி விற்றார்கள்? சென்னை சிட்டி தனி, என்.எஸ்.சி. தனி, டி.டி. தனி, எம்.ஆர். தனி, டி.கே. தனி, கோயம்புத்தூர், சேலம் தனித்தனி. ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு விநியோகஸ்தர். இன்ன ஏரியா, இத்தனை வருஷம், இத்தனை ரூபாய். ஸிவ் டிவியில் செய்ததும் இதேதான். 'சிஸ்கோ கிட்' என்ற தொடரை, நாட்டில் கலர் டிவியே கிட்டத்தட்ட இல்லாத 1950-இலேயே கலர் ஃபிலிமில் எடுத்தார். என்றைக்காவது கலர் வரும், அன்றைக்கு எல்லோருடைய பழைய சரக்கும் கறுப்பு வெள்ளையாகக் கிடக்கும், என்னுடையது மட்டும் விற்கும் என்று கணக்குப் போட்டார். கணக்கு சரியாக வந்தது. நம் முதலாளிகளில் இப்படி யோசித்தவர் யார் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஏ.வி.எம். செட்டியார் யோசித்திருப்பார் என்று தோன்றுகிறது.

ஒரு ஸ்டேஷனில் ஓடி முடித்த ஃபிலிம் சுருள் அடுத்த ஸ்டேஷனுக்குத் தபாலில் போகும். இதற்கு அவர்கள் வைத்த பேர், சைக்கிளில் அனுப்புவது. எனக்கு உடனே ஞாபகம் வந்தது நம்ம ஊர் ஷிஃப்டிங். ஒரே பிரிண்ட்டை இரண்டு கொட்டகையில் ஓட்டுவார்கள். இங்கே நாலு ரீல் முடிந்ததும் ஒரு பையன் அதைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு அடுத்த கொட்டகைக்குப் பறப்பான். வழியில் டயர் பஞ்சர் ஆனால் அங்கே ஸ்லைடு போட்டுவிட்டு விசில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ரேடியோவிலும் நமக்கு இது புதுசில்லை. 1952-இல் ஆரம்பித்த 'பினாகா கீத்மாலா'வை அமீன் சயானி பம்பாயில் பதிவு செய்ய, டேப் கொழும்புக்குப் போய், இலங்கை வானொலியிலிருந்து இந்தியா முழுக்க ஒலித்தது. ஆகாசவாணி சினிமாப் பாட்டை ஓரம் கட்டிய காலம் அது. அப்புறம் 1957-இல் அவர்களே விவித பாரதி ஆரம்பித்து, டேப்களைப் பிரதி எடுத்து நிலையங்களுக்கு அனுப்பினார்கள்.

இப்போது சென்னைக்கு வருகிறேன்.

டெல்லியில் 1959 செப்டம்பர் 15-இல் டிவி பரிசோதனையாக ஆரம்பித்தது. சென்னைக்கு அது வர 1975 ஆகஸ்ட் 15 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் சில மணி நேரம், கறுப்பு வெள்ளை. ஆதம்பாக்கம் அப்போது சென்னையே இல்லை என்பார்கள் மயிலாப்பூர்க்காரர்கள். கிணறு, தென்னை, மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். எங்கள் தெருவில் முதல் டிவி வந்தபோது பெட்டியைவிட மொட்டை மாடி ஆன்டெனாதான் பெரிய விசேஷம். "இப்போ தெரியுதா?" "இல்லை, இன்னும் கொஞ்சம் திருப்பு" என்று மாடிக்கும் கூடத்துக்கும் நடுவே ஒருத்தர் நின்று அஞ்சல் செய்ய வேண்டும். டயனோராவும் சாலிடேரும் நம்ம சென்னைத் தயாரிப்புகள் என்பதில் ஒரு பெருமை. தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்டணம் வேறு கட்ட வேண்டும்.

அதில் நாம் ஆவலாகப் பார்த்தது என்ன? வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்'. ஞாயிற்றுக்கிழமை சினிமா. இரண்டுமே தியேட்டரில் ஓடி முடித்த சரக்கு. சென்னை டிவி ஆரம்ப காலத்திலிருந்தே இரண்டாம் கைச் சரக்கில்தான் ஜனங்களைக் கட்டிப்போட்டது. அமெரிக்காவில் முதலில் டிவி வந்து, அப்புறம் அது பழசாகி, அப்புறம் மறு ஒளிபரப்பு வந்தது. இங்கே வந்தபோதே பழசோடுதான் வந்தது. சினிமாக்காரர்கள் புதுப்படத்தை எப்படிக் கொடுப்பார்கள்? ஆறு நிமிஷத்தில் ஒரு சிவாஜி பாட்டு, நடுவில் "தடங்கலுக்கு வருந்துகிறோம்". அதற்கும் நாங்கள் பக்கத்து வீட்டு வாசலில் செருப்பை விட்டுவிட்டுப் போய்த் தரையில் உட்கார்ந்திருக்கிறோம்.

அவர்களாகவே தயாரித்த 'வயலும் வாழ்வும்', 'கண்மணிப் பூங்கா', நாடகங்கள், கச்சேரிகள், இவற்றில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? டேப் என்பது விலையுயர்ந்த இறக்குமதிச் சரக்கு. ஒன்றின் மேல் இன்னொன்றைப் பதியலாம் என்பதே அதன் சௌகரியம். இது நம்ம ஊர் அலட்சியம் என்று உடனே திட்ட வேண்டாம். பி.பி.சி. தன்னுடைய 'டாக்டர் ஹூ' தொடரில் கிட்டத்தட்ட நூறு எபிசோட்களை அழித்துவிட்டுப் பிறகு உலகம் முழுக்கத் தேடியது. சந்திரனில் முதல் மனிதன் இறங்கியதைப் பதிவு செய்த ஒரிஜினல் டேப்களையே நாசா அழித்து மறுபடி உபயோகித்துவிட்டது. இதற்கு மேல் என்ன சொல்ல?

பி.பி.சி. விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. டேப்பை அழித்ததற்கு விலை மட்டும் காரணம் இல்லை. நடிகர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படி ஒரு நிகழ்ச்சியை இஷ்டத்துக்குத் திரும்பத் திரும்பக் காட்ட முடியாது. பழசையே ஓட்டினால் புதுசில் நடிக்க யாருக்கு வேலை கிடைக்கும் என்று சங்கம் பயந்தது. நியாயமான பயம். ஆனால் திரும்பக் காட்ட முடியாததை எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று ஆபீஸில் யோசித்தார்கள். நடிகரின் பிழைப்பைக் காப்பாற்றப் போட்ட விதி, நடிகரின் வேலையையே அழிக்க ஒரு காரணமாயிற்று. இதில் யாரைக் குற்றம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

1982-இல் கலர் வந்தது, தேசிய நிகழ்ச்சி வந்தது. 1984 ஜூலை 7-இல் 'ஹம் லோக்' வந்தபோது கூடவே ஒரு புது ஏற்பாடும் வந்தது: ஸ்பான்ஸர். கம்பெனி பணம் போடும், வெளித் தயாரிப்பாளர் எடுப்பார், தூர்தர்ஷன் நேரத்துக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒளிபரப்பும். 1987 ஜனவரி 25 ஞாயிற்றுக்கிழமை காலை ராமானந்த் சாகரின் 'ராமாயண்' ஆரம்பித்தது. எங்கள் தெருவில் ஹிந்தி தெரிந்தவர் ஒரே ஒருவர், ரயில்வேயில் ஜான்சியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவர் வீட்டுக் கூடத்தில் முப்பது பேர். அவர் வசனத்தை மொழிபெயர்ப்பார். அதற்குள் அடுத்த வசனம் வந்துவிடும். "இருங்க, ராவணன் என்ன சொன்னான்னா..." என்பதற்குள் அங்கே யுத்தமே ஆரம்பித்திருக்கும். கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் நஷ்டம் இல்லை.

1988 ஜூலை 31-இல் அது முடிந்தது. அடுத்து பி.ஆர். சோப்ராவின் 'மஹாபாரத்'. இந்த இரண்டையும் நாம் தூர்தர்ஷன் தொடர் என்றே சொல்கிறோம். ஆனால் தூர்தர்ஷன் காட்டியதே தவிர, சொந்தக்காரர் அது இல்லை. உரிமை தயாரிப்பாளர்களிடம். அதனால்தான் வீடியோ கேசட்டாகவும், பிறகு வேறு சேனல்களிலும் அவர்களால் விற்க முடிந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, வீட்டில் அடைந்து கிடக்கும் ஜனங்களுக்கு ராமாயணத்தைத் திரும்பப் போடுங்கள் என்று கோரிக்கை எழுந்தபோது, உரிமைதாரர்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்றுதான் பிரசார் பாரதி பதில் சொல்ல வேண்டியிருந்தது. மார்ச் 28 அன்று ஆரம்பித்தார்கள். ஏப்ரல் 16-ஆம் தேதி எபிசோடை 7.7 கோடிப் பேர் பார்த்ததாக தூர்தர்ஷன் அறிவித்தது. முப்பது வருஷத்துக்கு முந்தைய பழைய சரக்கு! அதே ஏப்ரலில் பழைய நிகழ்ச்சிகளுக்கென்றே டிடி ரெட்ரோ என்று ஒரு சேனலும் ஆரம்பித்தார்கள். 1951-இல் டெசி ஆர்னஸ் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு ஃபிலிமைக் கேட்டாரே, அதே கணக்குதான் ராமானந்த் சாகர் குடும்பத்துக்கும் வேலை செய்தது.

இடையில் 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி. அதன்பின் நடந்தது உங்களுக்கே தெரியும். பெட்டியில் தூசி படிந்து கிடந்த பழைய பட நெகட்டிவ்களுக்குத் திடீரென்று விலை வந்தது. சாட்டிலைட் ரைட்ஸ் என்ற வார்த்தையே அதுவரை கோடம்பாக்கத்தில் கிடையாது. 1960களில் எழுதிய ஒப்பந்தங்களில் அது எப்படி இருக்கும்? ஏரியா ஏரியாவாக விற்றவர்களுக்கு வானத்தை விற்கத் தெரியவில்லை. கிடைத்த விலைக்குக் கொடுத்தவர்கள் நிறைய. வாங்கியவர்கள் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். சீரியல்களும் அப்படித்தான். ராதிகாவின் 'சித்தி' தெலுங்கில் 'பின்னி' என்று போய் அங்கேயும் சக்கைப் போடு போட்டது. 2002-இல் ஆரம்பித்த 'மெட்டி ஒலி' ஊரடங்கில் மறுபடி வந்தபோது, அப்போது பிறந்தே இராத பிள்ளைகளும் அதைப் பார்த்தார்கள்.

இப்போது அந்தத் தெருக்காரர். பேர் வேண்டாம். சேனல் பேரும், சீரியல் பேரும் வேண்டாம்.

அரசாங்க ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நாடக நடிகர். சென்னையில் இப்படி ஒரு ஜாதி இருந்தது. பேங்க்கிலும் செக்ரடேரியட்டிலும் பகலில் ஃபைல் பார்ப்பார்கள், ராத்திரி சபா மேடையில் மாமனாராகவோ போலீஸ் இன்ஸ்பெக்டராகவோ நிற்பார்கள். டிவி சீரியல்கள் பெருகியபோது இவர்களில் நிறையப் பேருக்குச் சின்ன வேஷங்கள் கிடைத்தன. நம்மவருக்கும் தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சீரியலில் கதாநாயகியின் பெரியப்பா வேஷம். லீவு போட்டுவிட்டுப் போவார். மொத்தம் 22 நாள் ஷூட்டிங், நாளுக்கு 500 ரூபாய். வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து. அந்தப் பணத்தில் வீட்டுக்கு ஒரு கிரைண்டர் வாங்கினார்.

சீரியல் நன்றாகப் போயிற்று. பிறகு அதே சேனலில் மத்தியானத்தில் ஒரு தடவை, இன்னொரு சேனலில் ஒரு தடவை, வேறொரு மொழியில் டப்பிங் செய்து ஒரு தடவை. அப்புறம் யூடியூப். "என் மூஞ்சி தெலுங்கு பேசுது சார், எனக்கே புரியல" என்று சிரிப்பார். பைசா எதுவும் வந்ததா என்று ஒரு நாள் கேட்டேன். "22 நாளுக்குக் குடுத்தாச்சே" என்றார். அவருக்கு அதில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் இருந்தது.

ஏனென்றால் இதே சண்டையை அமெரிக்காவில் போட்டு முடித்துவிட்டார்கள். டிவி ஃபிலிமைத் திரும்பக் காட்டினால் நடிகருக்கும் ஒரு தொகை என்று 1952-லேயே அங்கே நடிகர் சங்கம் ஒப்பந்தம் போட ஆரம்பித்தது. சினிமாவை டிவியில் காட்டினால் என்ன என்ற கேள்வியில் 1960 மார்ச்சில் வேலைநிறுத்தமே செய்தார்கள். அப்போது சங்கத் தலைவர் ரொனால்டு ரீகன், பின்னாளில் ஜனாதிபதி ஆனவரேதான். 1960 முதல் எடுக்கும் படங்களுக்குப் பங்கு கிடைத்தது. அதற்கு முந்தைய படங்களுக்குக் கிடையாது. அதற்குப் பதிலாக ஓய்வூதிய, மருத்துவ நிதிக்கு மொத்தமாக ஒரு தொகை. பழைய நடிகர்கள் சிலர் ரீகனை அதற்காகக் கடைசி வரை மன்னிக்கவில்லை.

அதற்கும் முன்னால், 1955-இல், 'ஹனிமூனர்ஸ்' என்று ஒரு தொடர். மொத்தம் 39 எபிசோட். அதில் நடித்த ஆட்ரி மெடோஸ் என்ற அம்மாவின் அண்ணன் வக்கீல். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தார்: இதைத் திரும்ப ஒளிபரப்பினால் இவருக்குப் பணம் தர வேண்டும். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த 39 எபிசோடும் பல பத்து வருஷம் ஓடின. அந்த அம்மாவுக்குப் பணம் வந்துகொண்டே இருந்தது. கூட நடித்த ஜாய்ஸ் ராண்டால்ஃபுக்கு அந்த 39-க்கு மறு ஒளிபரப்புப் பணம் கிடையாது. ஒரே செட், ஒரே கேமரா, ஒரே ஜனங்கள். வித்தியாசம் ஒரு வக்கீல் அண்ணன்.

இந்தியாவில் 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஜாவேத் அக்தர் ராஜ்யசபாவில் இதற்காக நிறையப் பேசினார். பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டி உரிமை உறுதியாயிற்று. நிகழ்த்துகிறவர்களுக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. பாடகர்கள் சங்கம் அமைத்து வசூலிக்க ஆரம்பித்துவிட்டார்கள். 22 நாள் பெரியப்பாவாக நடித்தவருக்கு அது எப்படி வந்து சேரும் என்று ஒரு வக்கீல் நண்பரைக் கேட்டேன். "வவுச்சர்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க" என்றார். அவர் மனைவி பழைய பீரோவிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். நாலு வரி. எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும், இனி வரப்போகும் எந்த ஊடகத்துக்கும். ஸ்டாம்ப் மேல் அழகான கையெழுத்து. குமாஸ்தா கையெழுத்து.

அவர் 2011-இல் காலமானார். சர்க்கரை, கிட்னி.

2020 ஏப்ரல் மாதம் ஒரு மத்தியானம் போன் வந்தது. ஊரடங்கு நேரம், போன் வந்தாலே பயம். அந்த அம்மாதான். "சார், டிவி போடுங்க. அவர் வரார்." எந்த சேனல் என்று கேட்டுப் போட்டேன். ஷூட்டிங் எல்லாம் நின்றுபோனதால் பழைய சீரியலைத் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டு கதாநாயகிக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் அவர் வெற்றிலை போட்டு நான் பார்த்ததே இல்லை.

அன்றிலிருந்து தினமும் அந்த நேரத்தில் அந்த வீட்டில் டிவி ஓடும். பெண் அமெரிக்காவில், பையன் பெங்களூரில், வர முடியாத காலம். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு டிவிக்கு எதிரே உட்கார்ந்துவிடுவாராம். அவர் வராத எபிசோட்களும் உண்டே என்று கேட்டேன். "வெளியே போயிருக்கார்னு நினைச்சுக்கறேன்" என்றார்.

எனக்கு ஒரு கவலை இருந்தது. அந்தப் பெரியப்பா பாத்திரம் நடுவில் மாரடைப்பில் செத்துப்போகும். முதல் தடவை ஒளிபரப்பானபோது அதைப் பார்த்துவிட்டுத் தெருவே அவர் வீட்டுக்குப் போய்க் கேலி செய்தது. அவரே எங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். இப்போது அது எந்த வாரம் வரும்? யூடியூபில் தேடி எண்ணிப் பார்த்தேன். ஆகஸ்ட் வாக்கில் வரும் என்று கணக்கு வந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ஜூலையில் ஷூட்டிங் தொடங்கிப் புது எபிசோட்கள் வர ஆரம்பித்தன. சேனல்காரர்கள் மத்தியான நேரத்தை மாற்றியமைத்தார்கள். அந்தப் பழைய சீரியலை, ஒரு வார்த்தை சொல்லாமல், பாதியில் நிறுத்திவிட்டார்கள். மற்ற சமயமாக இருந்தால் நானே உட்கார்ந்து சேனலுக்குக் கடிதம் எழுதியிருப்பேன்.

மாஸ்க் போட்டுக்கொண்டு அவர் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று விசாரித்தேன். நிறுத்திட்டாங்க போலிருக்கே, பார்த்தீங்களா என்றேன்.

"பார்த்தேன் சார். அந்தக் கல்யாணச் சத்திரத்துல உட்கார்ந்து சாப்பிட்டுட்டு இருந்தார். அதோட முடிஞ்சுது" என்றார். "பரவால்ல, சாப்பாட்டுலதானே நிறுத்தியிருக்காங்க."